யாருடைய கண்? சிவப்பழகு விளம்பரங்களை வகுப்பறையில் வாசிப்போம்



"விளம்பரங்களில் பெண்கள் அரைகுறை ஆடையுடன் தோன்றி இளையோரின் மனத்தைக் கெடுக்கின்றனர்."

விளம்பரம் பற்றிய கட்டுரை என்றால் இந்த வாக்கியம் எப்படியாவது வந்துவிடும். தாளைத் திருத்தும் நாமும் பக்கத்தில் ஒரு 'சரி' போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை, கருத்தும் 'நல்ல' கருத்து. வேறென்ன வேணும்?

ஆனால் அந்த வாக்கியத்தை ஓர் இலக்கண ஆசிரியரின் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். எழுவாய் எது? 'பெண்கள்'. பயனிலை? 'கெடுக்கின்றனர்'. விளம்பரத்துக்குப் பணம் போட்ட நிறுவனம் எங்கே? படம் எடுத்தவர் எங்கே? வாக்கியத்திலேயே இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை, விளம்பரத்தைக் கண்டிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அதில் நடித்த பெண்ணைக் கண்டித்துவிட்டுப் போகிறாள். அதற்கு நாமும் புள்ளி கொடுக்கிறோம்.

நான் சொல்ல வருவது இதுதான். பதின்ம வயதுப் பெண்களை நோக்கி எடுக்கப்படும் விளம்பரங்களை ஆடையின் நீளத்தை வைத்து அளக்கக் கூடாது. அந்தப் படத்தில் பார்ப்பது யார், பார்க்கப்படுவது யார் என்று கேட்டு அளக்க வேண்டும். ஆடை அளவுகோலில் முழுப் புள்ளி வாங்கும் விளம்பரம்கூட ஒரு பெண்பிள்ளையைத் தன் முகத்தைக் கண்டே கூனிக் குறுக வைக்கும். அதற்கு நமக்கெல்லாம் தெரிந்த ஒரு சிவப்பழகு கிரீமையே எடுத்துக்கொள்வோம்.

காப்பிக்கு வழியில்லாத வீடு

ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. தயாரித்தது இந்துஸ்தான் லீவர் நிறுவனம். பிறகு பல நாடுகளுக்குப் போனது. நம் ஊர்க் கடைகளிலும் அந்த இளஞ்சிவப்பு டியூப்பைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் அக்காவின் மேசையிலோ அத்தையின் கைப்பையிலோ இருந்திருக்கலாம்.

2000களின் தொடக்கத்தில் இந்தியத் தொலைக்காட்சியில் வந்த இதன் விளம்பரம் ஒன்று பெரிய விவாதமானது. கதை எளிது. வருமானம் குறைந்த வீடு. அப்பாவின் ஒரு காப்பி ஆசைக்குக்கூட வழியில்லை. 'ஒரு மகன் இருந்திருந்தால்...' என்று அவர் ஏங்குகிறார். மகள் காதில் அது விழுகிறது. அவள் கிரீம் பூசுகிறாள். நிறம் மாறுகிறது. விமானப் பணிப்பெண் ஆகிறாள். முடிவில் அப்பாவைக் காப்பி குடிக்க அழைத்துப் போகிறாள்.

இந்தக் கதையைப் படிவம் 4 மாணவர்களிடம் சொல்லி, "இதில் என்ன தப்பு?" என்று கேட்டேன். "தப்பே இல்லையே டீச்சர், அப்பாவுக்கு உதவுறா, நல்ல பொண்ணுதானே!" என்றார்கள். கவர்ச்சி இல்லை, காதல் இல்லை. குடும்பப் பாசம் இருக்கிறது, முன்னேற்றம் இருக்கிறது. நன்னெறிப் பாடத்துக்கே உதாரணமாகக் காட்டலாம் போல. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அவ பையனாப் பொறந்திருந்தா கிரீம் வேணாமே?"

வகுப்பு சிரித்தது. ஆனால் அன்றைக்கு வந்ததிலேயே சிறந்த விமர்சனம் அதுதான். அந்த அப்பா கற்பனை செய்த மகன் என்ன நிறம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. அவன் ஆண் என்பதே போதும். மகள் மட்டும் முதலில் தன் முகத்தைத் திருத்திக்கொண்டு வர வேண்டும். குறை எங்கே இருக்கிறது? 'மகள் போதாது' என்று நினைக்கும் அப்பாவின் பார்வையில். மருந்து எங்கே பூசப்படுகிறது? மகளின் கன்னத்தில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த விளம்பரம் முழுப் பொய் சொல்லவில்லை. மகனுக்கு ஏங்கும் வீடுகள் உண்டு. நிறம் பார்த்து வேலை கொடுப்பதும் பெண் பார்ப்பதும் நடப்பதுதான். அநீதியை அது மறைக்கவில்லை, அதைத்தான் கதையாகவே எடுக்கிறது. 'உலகம் இப்படித்தான், நீதான் மாறிக்கொள்ள வேண்டும்' என்று முடித்துவிடுகிறது. அதனால்தான் இதை எதிர்த்துப் பேசுவது கடினம். பொய் சொன்னால் பொய் என்று காட்டிவிடலாம். பாதி உண்மையை என்ன செய்வது?

ஆடை அளவுகோல் எதைப் பிடிக்கும், எதை விடும்?

இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்து ஒரு விளம்பரம். 1980-இல் அமெரிக்காவில் கெல்வின் கிளைன் ஜீன்ஸ் விளம்பரங்களில் ப்ரூக் ஷீல்ட்ஸ் நடித்தார். அப்போது அவருக்கு வயது 15. தனக்கும் ஜீன்ஸுக்கும் நடுவில் வேறெதுவும் இல்லை என்ற பொருள்பட இரட்டை அர்த்தத்தில் அவரைப் பேச வைத்தார்கள். கண்டனம் எழுந்தது. சில தொலைக்காட்சி நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. இது போன்றதை நம் ஆடை அளவுகோல் உடனே பிடித்துவிடும். பிடிக்கவும் வேண்டும். ஒரு பிள்ளையின் உடலைச் சரக்கு விற்கப் பயன்படுத்துவது தவறு.

ஆனால் அப்போதும் கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்று பாருங்கள். 'அந்தப் பொண்ணுக்கு வெட்கமே இல்லையா?' என்பது ஒரு கேள்வி. 'பதினைந்து வயதுப் பிள்ளையை இப்படிப் பேச வைத்து லாபம் பார்த்த பெரியவர்கள் யார்?' என்பது இன்னொரு கேள்வி. நம் கட்டுரைகளில் முதல் கேள்விதான் அதிகம் வருகிறது.

ஜீன்ஸ் விளம்பரமும் கிரீம் விளம்பரமும் மேலுக்கு நேர் எதிர். ஒன்றில் துணிச்சல், இன்னொன்றில் அடக்கம். உள்ளே பார்த்தால் இரண்டிலும் ஒரே ஏற்பாடு. பெண் நடுவில் நிற்கிறாள், யாரோ பார்த்து மதிப்புப் போடுகிறார்கள். 'கவர்ச்சியா இரு' என்பதும் 'கண்ணுக்குக் குளிர்ச்சியா இரு' என்பதும் அவளைக் காட்சிப்பொருளாகத்தான் வைத்திருக்கின்றன. ஆடை அளவுகோல் முதலாவதைப் பிடிக்கும். இரண்டாவதற்கு நற்சான்றிதழ் கொடுத்து வீட்டுக்குள் அனுப்பிவிடும்.

ஜான் பெர்ஜர் என்ற ஆங்கிலேயக் கலை விமர்சகர் 1972-இல் பிபிசி தொலைக்காட்சித் தொடரிலும், பிறகு நூலிலும் இதைப் பற்றிப் பேசினார். ஐரோப்பிய ஓவியங்களிலும் விளம்பரங்களிலும் பார்ப்பவராக ஆண் இருக்கிறார், பார்க்கப்படுபவராகப் பெண் இருக்கிறார் என்பதும், அதனால் பெண் தனக்குள்ளேயே ஒரு பார்வையாளரைக் குடிவைத்துக்கொள்கிறாள் என்பதும் அவர் கருத்தின் சாரம். கிரீம் விளம்பரத்தில் வரும் கண்ணாடியை நினைத்துப் பாருங்கள். அறையில் அவள் தனியாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அப்பா, வேலை கொடுப்பவர், வரப்போகும் மாப்பிள்ளை எல்லாரும் அந்தக் கண்ணாடிக்குள்ளே நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆசை யாருடையது?

பாலுணர்வு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவோம். ஆனால் பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயல்பு. நாம் பேசாவிட்டால் விளம்பரம் பேசும். என்ன பேசுகிறது?

நம் வட்டாரத்து ஷாம்பு, பவுடர், முகக் கிரீம் விளம்பரங்களை ஒரு வாரம் கவனியுங்கள். முத்தம் இருக்காது, தொடுவது இருக்காது. ஒரு பையன் திரும்பிப் பார்ப்பான். ஒரு கூட்டமே திரும்பிப் பார்க்கும். அவள் லேசாகச் சிரித்துத் தலை குனிவாள். முடிந்தது. காதல் என்றாலே அவளைப் பொறுத்தவரை 'திரும்பிப் பார்க்கப்படுவது' மட்டும்தான். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதா? எந்த விளம்பரமும் கேட்பதில்லை. அவள் வெளிப்படையாக ஆசைப்பட அனுமதி உள்ள ஒரே பொருள் அந்தக் கிரீம்தான்.

தமிழாசிரியர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தப் பெண் செயப்பாட்டு வினையிலேயே வாழ்கிறாள். பார்க்கப்படுகிறாள், விரும்பப்படுகிறாள், தேர்ந்தெடுக்கப்படுகிறாள், பாராட்டப்படுகிறாள். செய்வினையில் அவளுக்கு இருப்பவை இரண்டே: வாங்குகிறாள், பூசுகிறாள்.

இதனால் என்ன ஆபத்து? 'என்னை யாராவது விரும்பினால் அது பெரிய பரிசு' என்று கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, பிடிக்காதபோது 'வேண்டாம்' என்று சொல்வது கடினம். தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் பழகாதவளுக்கு, என்ன பிடிக்காது என்பதும் சட்டென்று தெரியாது. கைப்பேசியில் யாரோ ஒருவன் 'நீ அழகா இருக்கே' என்று அனுப்பும் ஒரு வரிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று நாம் ஆச்சரியப்படுகிறோம். வருஷக்கணக்காகத் திரையில் பார்த்து வளர்ந்த பாடம் அது.

விளம்பரம் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டது

எல்லாப் பழியையும் நிறுவனத்தின் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. 'பொண்ணு நல்ல கலர்' என்றால் என்ன அர்த்தம்? வெளுப்பு. கறுப்பும் ஒரு கலர்தானே? நம் பேச்சில் இல்லை! 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று பாசத்தோடுதான் சொல்கிறோம். அந்த 'இருந்தாலும்' என்ற ஒரு சொல்லில் எவ்வளவு பெரிய தீர்ப்பு இருக்கிறது பாருங்கள். கிரீம் கம்பெனி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நம் வீட்டுக் கூடத்தில் புழங்கிய சொல்லை எடுத்து, டியூப்பில் அடைத்து, நமக்கே விற்றது.

இது தமிழர்க்கு மட்டுமான நோயும் இல்லை. 2017-இல் நோன்புப் பெருநாளை ஒட்டி வாட்சன்ஸ் மலேசியா ஏறக்குறைய 15 நிமிடக் காணொளி ஒன்றை வெளியிட்டது. டாயாங் செனாண்டோங் என்ற மலாய்ப் பழங்கதையைத் தழுவியது. இனிய குரல் கொண்ட பெண். ஆனால் முகம் கறுப்பு. அதைக் காட்ட நடிகையின் முகத்தில் கரிய சாயம் பூசினார்கள். முகத்தைக் கண்டு செல்வந்தன் அதிர்கிறான். அழகுப் பொருள்களுக்குப் பிறகு அவள் வெளுத்து, ஏற்கப்படுகிறாள். மக்கள் கொதித்தார்கள். பழங்கதையைத்தான் எடுத்தோம் என்று முதலில் விளக்கம் சொன்ன நிறுவனம், பிறகு மன்னிப்புக் கேட்டுக் காணொளியை நீக்கியது. இதிலும் கவர்ச்சி ஆடை கிடையாது. குரலைக் கேட்டு மயங்கியவன் முகத்தைக் கண்டு பின்வாங்குகிறான். திருத்தப்பட வேண்டியவள் அவள். அதே காப்பிக் கதைதான், வேறு உடையில்.

பெயர் மாறினால் போதுமா?

எதிர்ப்பு வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002 முதல் அந்த விளம்பரங்களுக்கு எதிராகப் புகார் கொடுத்துப் போராடியது. மனித உரிமை ஆணையம் வரை போனார்கள். 2003-இல் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. சென்னையில் இயங்கும் ஒரு பெண்கள் அமைப்பு 2009-இல் 'கறுப்பும் அழகுதான்' என்ற பொருளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதன் முகமானார். 2014-இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கறுத்த நிறத்தவரைச் சோகமானவர்களாகவும் வேலையிலோ திருமணத்திலோ பின்தங்கியவர்களாகவும் காட்டக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 2020-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து உலகெங்கும் இனவாத எதிர்ப்பு எழுந்த வேளையில், யூனிலீவர் தன் பொருள்களின் பெயரிலிருந்து 'ஃபேர்' போன்ற சொற்களை நீக்குவதாக அறிவித்தது. ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது.

'வெண்மை' போய் 'பளபளப்பு' வந்தது. சொல் மாறியது நல்லதுதான். ஆனால் கண்ணாடிக்குள் நின்றவர்கள் வெளியே போனார்களா? 'பளிச்சென்று இல்லாத முகம்' என்று இன்னொரு குறையைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை.

இதே யூனிலீவருக்குச் சொந்தமான டவ், 2004 முதல் 'உண்மையான அழகு' என்று பேசி வருகிறது. 2006-இல் அது வெளியிட்ட ஒரு குறும்படத்தில், சாதாரணமாக வந்து உட்காரும் பெண்ணின் முகம் ஒப்பனையாலும், பிறகு கணினியில் கழுத்தை நீட்டிக் கண்ணைப் பெரிதாக்கியும், சாலையோர விளம்பரப் பலகையாக மாறுவதைக் காணலாம். வகுப்பில் காட்ட நல்ல படம், நானும் காட்டுகிறேன். காட்டி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு கையில் சிவப்பழகு கிரீம், இன்னொரு கையில் 'நீ இருப்பதே அழகு' என்ற சோப்பு. பல வருஷம் இரண்டையும் விற்றது ஒரே முதலாளி என்றால், அதை எப்படிப் புரிந்துகொள்வது? 'எல்லாரும் அழகு' என்பது கேட்க இனிமை. ஆனால் பெண்ணை முதலில் அழகை வைத்துத்தான் பேச வேண்டும் என்ற விதி அதிலும் மாறவில்லை.

பையன்களையும் விட்டுவைக்கவில்லை. இந்தியாவில் 2005-இலேயே ஆண்களுக்கான சிவப்பழகு கிரீம் வந்துவிட்டது. என் மாணவன் கேட்ட கேள்விக்குச் சந்தை தந்த பதில் அது. சமத்துவம் என்றால் இருவரையும் கண்ணாடி முன் நிறுத்துவது என்று சந்தை புரிந்துகொண்டது போலும்.

வகுப்பறைக்கு ஆறு கேள்விகள்

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1979-இல் நூலாக வந்த தன் ஆய்வில், நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களை வரிசையாக அடுக்கி, கை, தலை, முழங்கால், பார்வை ஆகியவற்றை மட்டும் கவனித்தார். ஆண்கள் பொருளை இறுகப் பிடிக்க, பெண்கள் விரல் நுனியால் தடவுவது போலத் தொடுகிறார்கள் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. இந்த முறையைப் படிவம் 1 மாணவர்கூடச் செய்யலாம். ஒரு விளம்பரத்தைக் கொடுத்து இவற்றைக் கேளுங்கள்:

1. படத்தில் பார்ப்பவர் யார்? பார்க்கப்படுபவர் யார்?
2. கைகளும் தலையும் எப்படி இருக்கின்றன? பிடிக்கின்றனவா, தொடுகின்றனவா? நிமிர்ந்திருக்கிறாளா, சாய்ந்திருக்கிறாளா?
3. 'குறை' என்று சொல்லப்படுவது எது? உண்மையில் குறை யாரிடம் இருக்கிறது?
4. 'முன்', 'பின்' படங்களில் தோலைத் தவிர வேறென்ன மாறியுள்ளது? வெளிச்சமா, சிரிப்பா, உடையா?
5. அந்தப் பெண்ணைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுது. எத்தனை செய்வினை, எத்தனை செயப்பாட்டு வினை?
6. அவள் இடத்தில் ஒரு பையனை வை. கதை நிற்கிறதா, சிரிப்பு வருகிறதா?

ஆறாவது கேள்வி வந்தால் வகுப்பு தானாகவே விழித்துக்கொள்ளும். உயர்நிலைச் சிந்தனைக்கு வேறு தனிப் பயிற்சி தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடம் நடத்தும்போது வகுப்பிலுள்ள எந்தப் பிள்ளையின் நிறத்தையும் எடுத்துக்காட்டாக்காதீர்கள், ஆறுதலாகக்கூட. 'நீயும் அழகுதாம்மா' என்று சொன்ன அந்த நிமிஷமே நாற்பது பேர் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். எந்தக் கண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறோமோ அதையே அவள் மேல் திருப்பிவிடுவோம்.

தேர்வு எழுதுவோருக்கு

மாணவர்களே, கருத்து விளக்கக் கட்டுரையோ விவாதக் கட்டுரையோ, முதலில் எழுவாயைச் சரிபாருங்கள். தவறு செய்தவர் யாரோ அவரை எழுவாயாக வையுங்கள். பொதுவாகத் திட்டுவதைவிட ஒரே ஒரு விளம்பரத்தை விவரித்து விளக்கினால் பத்தி கனமாக இருக்கும். மாதிரிக்கு ஒன்று:

"அழகுப்பொருள் நிறுவனங்கள் பதின்ம வயதுப் பெண்களின் தன்னம்பிக்கைக் குறைவைத் தங்கள் முதலீடாக்கிக் கொள்கின்றன. சான்றாக, மகன் இல்லையே என ஏங்கும் தந்தையைக் காட்டிய ஒரு முகப்பூச்சு விளம்பரம், தந்தையின் பாகுபாட்டைக் கேள்வி கேட்காமல், மகளின் நிறத்தை மாற்றுவதையே தீர்வாக முன்வைத்தது. இவ்விளம்பரத்தில் ஆபாசம் சிறிதும் இல்லை. எனினும், பெண்ணின் தகுதி பிறர் பார்வையில்தான் உள்ளது என்னும் கருத்தை இது இளம் உள்ளங்களில் விதைக்கிறது."

நான்கே வாக்கியம். எழுவாய் சரி, சான்று உண்டு, விளக்கம் உண்டு. 'அரைகுறை ஆடை' தேவைப்படவில்லை.

கடைசியாக, ஆசிரிய நண்பர்களே, நமக்கு. பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்குப் பிரமுகர் வருகிறார். வாசலில் தட்டு ஏந்தி நிற்க நான்கு மாணவிகள் வேண்டும். நாம் யாரைக் கூப்பிடுகிறோம்? அந்தப் பட்டியலை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்த்தேன். பல வருஷம் 'பார்க்க லட்சணமா' இருக்கிற பிள்ளைகள் என்றுதான் தேடியிருக்கிறேன். அந்த 'லட்சணம்' என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். கூப்பிடப்படாத பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்கும். எந்தக் கிரீம் கம்பெனியும் எனக்கு அதற்காகச் சம்பளம் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் தட்டு ஏந்தும் பட்டியலைப் பெயர் அகரவரிசைப்படி போட்டிருக்கிறோம். பையன்களும் நிற்கிறார்கள். இது சின்ன மாற்றம்தான். ஆனால் விளம்பரத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது இப்போது என் குரல் கொஞ்சம் தெளிவாக வருகிறது.